பொழுதோடு போய்ச் சேருங்கள்! திருப்பூரிலிருந்து காந்தளூருக்கு ஒரு கூடாரப் பிரயாணம்

பொங்கல் வந்துவிட்டால் எங்கள் திருப்பூரில் பனியன் கம்பெனிகளின் சத்தம் அடங்கிவிடும். ஓவர்லாக் மெஷின்களும் பவர் டேபிள்களும் ஓய்வெடுக்கும் அந்த நாலைந்து நாட்களில்தான் வீட்டு ஆண்களின் முகத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்க்க முடிகிறது. வெளியூர்த் தொழிலாளர்கள் சொந்த ஊருக்குப் பஸ் ஏறியதும், உள்ளூர்க்காரர்களான நாங்கள், “எங்கியாச்சும் போயிட்டு வரலாமுங்களா?” என்று ஆரம்பிப்போம்.

லாட்ஜில் அறை எடுத்துத் தங்குவது பழகிப்போன விஷயம். வேன் எடுத்துக்கொண்டு, வழியில் சமைத்துச் சாப்பிட்டு, ராத்திரி டென்ட் அடித்துப் படுப்பது என்பது இப்போது எங்கள் பக்கமும் பரவி வருகிறது. “அதெல்லாம் காலேஜ் பசங்களுக்கு. கைக்குழந்தையும் வயசானவங்களும் இருக்கிற வீட்டுக்கு ஒத்து வருமா?” என்று கேட்கிறீர்களா? ஒத்து வரும். நாங்கள் போனது மூன்று குடும்பம், டிரைவரைச் சேர்த்து 12 பேர். அதில் முழங்கால் வலியுள்ள என் மாமியாரும் உண்டு, ஓரகத்தியின் இரண்டு வயதுக் குழந்தையும் உண்டு. திருப்பூரிலிருந்து உடுமலை, சின்னாறு, மறையூர் வழியாகக் காந்தளூர். மூன்று நாள், இரண்டு இரவு. யாருக்கும் ஒரு தும்மல்கூட வராமல் திரும்பினோம். அதற்கு என்னென்ன செய்தோம் என்பதைத்தான் வாசகச் சகோதரிகளுக்குச் சொல்லப் போகிறேன்.

மாலை 4 மணிக் கணக்கு

எங்கள் ஏற்பாடு முழுவதும் ஒரே ஒரு விதியில் நின்றது: மாலை 4 மணிக்குள் படுக்கிற இடத்துக்குப் போய்விட வேண்டும். இது நாங்கள் கண்டுபிடித்ததல்ல, அத்தை சொன்னது. அவர் சிறுமியாக இருந்தபோது தைப்பூசத்துக்கு வண்டி கட்டிக்கொண்டு பழனிக்குப் போவார்களாம். கட்டுச்சோறு, தண்ணிக் குடம், வைக்கோல் எல்லாம் வண்டியிலேயே. வழியில் தோப்பு பார்த்து, கிணறு பார்த்து மாட்டை அவிழ்ப்பார்களாம்.

“பொழுது உழுகறதுக்குள்ள வண்டிய அவுத்துப் போட்டரோணும் கண்ணு. இருட்டுல எடந் தேடுனா, பாம்புப் புத்து மேலயே பாயப் போட்டுருவோம்” என்றார் அத்தை.

யோசித்துப் பாருங்கள். வெளிச்சத்தில் போய்ச் சேர்ந்தால் டென்ட் அடிக்கும் இடத்தில் கல் இருக்கிறதா, எறும்புப் புற்று இருக்கிறதா என்று பார்க்கலாம். மேலே பட்டுப்போன கிளை தொங்கினால் தள்ளிப் போகலாம். கழிப்பறை எங்கே, தண்ணீர் எங்கே என்று குழந்தைகளுக்குக் காட்டி வைக்கலாம். அவசரமில்லாமல் சமைத்து, ஏழு மணிக்குள் பிள்ளைகளைச் சாப்பிட வைத்துவிடலாம். மலைப்பாதையில் இருட்டு வளைவும் இல்லை, சாயங்காலம் யானை ரோட்டுக்கு வருகிற பயமும் இல்லை. ஆகவே நாங்கள் 4 மணியிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டோம். வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியது விடியற்காலை 5 மணி என்று வந்தது.

மூட்டை கட்டும்போது

திருப்பூர்க்காரர்களுக்கு ஒரு சௌகரியம், துணிக்குப் பஞ்சமே இல்லை. காதர்பேட்டையில் நுழைந்தால் குடும்பத்துக்கே உடுப்பு வாங்கி வந்துவிடலாம். ஆனால் எந்தத் துணியை எப்போது போடுவது என்பதில் கவனம் வேண்டும்.

மலைக்குத் தடிமனான ஒரே ஸ்வெட்டரை விட, மெல்லிய உடுப்பு இரண்டு மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுவதே நல்லது. பின்னலாடையின் சிறு சிறு கண்ணிகளுக்குள்ளும், அடுக்குகளுக்கு நடுவிலும் காற்று தங்கி நிற்கும். உடம்புச் சூட்டைக் காப்பது அந்தக் காற்றுதான். உள்ளே சிங்கிள் ஜெர்சி பனியன், அதன்மேல் இன்டர்லாக் முழுக்கை, எல்லாவற்றுக்கும் மேலே உட்புறம் பஞ்சு போலிருக்கும் ஃப்ளீஸ். வெயில் ஏற ஏற ஒவ்வொன்றாகக் கழற்றலாம்.

பருத்தி பனியனுக்கு ஒரு குணம் உண்டு. வியர்வையைக் குடித்துக்கொண்டு சீக்கிரம் காயாது. பகலில் ஓடியாடி நனைந்த பனியனோடு குழந்தை தூங்கினால் நடுராத்திரி குளிரில் வெடவெடக்கும். எனவே படுக்கப் போகும்முன் உள்ளாடை முதற்கொண்டு உலர்ந்த துணி மாற்றிவிட வேண்டும். படுக்கைக்கென்று ஒரு ஜோடியைத் தனிப் பையில் கட்டி, அதைப் பகலில் தொடவே கூடாது என்று சட்டம் போட்டுவிட்டேன்.

அடுத்தது கட்டிங் வேஸ்ட். கிலோ கணக்கில் கிடைக்கும் பனியன் துணித் துண்டுகளை ஒரு மூட்டை எடுத்துக்கொண்டோம். பாத்திரம் துடைக்க, குழந்தையின் கை கழுவித் துடைக்க, வாந்தி எடுத்தால் வழிக்க, சூடான பாத்திரம் பிடிக்க எல்லாவற்றுக்கும் அதுதான். திரும்பும்போது அழுக்குத் துணி அத்தனையும் மூட்டையாக எங்களோடு ஊருக்கே வந்தது. காட்டில் ஒரு துண்டுகூடப் போடவில்லை.

குழந்தைகளின் பனியனில் கழுத்து லேபிளின் பின்புறம், அழியாத மையில் இரண்டு போன் நம்பர்களை எழுதி வைத்தாள் என் ஓரகத்தி. ஆளுக்கொரு விசில் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டினோம். “காணாமப் போயிட்டா ஓடக் கூடாது. நின்ன எடத்துலயே நின்னு மூணு தடவை ஊதணும்” என்று வீட்டு மொட்டைமாடியிலேயே ஒத்திகை பார்த்தோம். பிள்ளைகளுக்கு ஒரே குதூகலம்.

பொங்கல் கரும்பையும் வாழைத்தாரையும் வீட்டிலேயே விட்டுவிட்டுக் கிளம்பினோம். யானைக் காட்டு வழியே அவற்றை ஏற்றிக்கொண்டு போவது விருந்துக்கு அழைப்பதற்குச் சமம்!

காற்றாடியும் காவடியும்

பல்லடம், குடிமங்கலம் தாண்டி உடுமலைப்பேட்டைக்குப் போகிற வழி நெடுகக் காற்றாலைகள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றுதான் அவற்றைச் சுற்ற வைக்கிறது. விடிகிற நேரத்தில் அவை வரிசையாக நிற்பதைப் பார்த்து எங்கள் குட்டி கைதட்டினான்.

தை மாதத்தில் இந்தப் பக்கத்துச் சாலைகளில் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் கூட்டம் கூட்டமாக நடப்பார்கள். அதிகாலை இருட்டிலும் நடப்பார்கள். வேகத்தைக் குறைக்கும்படி டிரைவரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தோம். உங்கள் வீட்டில் யாராவது நடந்து போனால், முதுகுப் பக்கம் வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டை ஒன்றைத் தைத்து அனுப்புங்கள்.

மலை ஏறுமுன் உடுமலையில் காலைச் சாப்பாடு. பூரி, வடை, பொங்கல் எதுவும் கிடையாது. ஆளுக்கு இரண்டு மூன்று இட்லிதான். வளைந்து வளைந்து போகும் பாதையில் எண்ணெய்ப் பண்டமும் நிறைந்த வயிறும் வாந்தியைக் கொண்டு வரும், வெறும் வயிறும் கொண்டு வரும். குமட்டல் வருகிற பிள்ளைகளை முன்புற வரிசை ஜன்னலோரம் உட்கார வைத்து, தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லுங்கள். போனைப் பார்க்க விடாதீர்கள். வாந்தி மாத்திரை கொடுப்பதானால் கிளம்புவதற்கு முன்பே டாக்டரைக் கேட்டு, வயதுக்கேற்ற அளவு தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு நாமாகக் கொடுக்கவே கூடாது.

தண்ணீர் விஷயத்தில் பெண்களுக்கு ஒரு வார்த்தை. “வழியில எங்க போறது?” என்று பயந்து பாதிப் பேர் தண்ணீரே குடிக்காமல் வருகிறோம். சிறுநீரை அடக்குகிறோம். வீடு திரும்பிய மறுநாள் நீர்க்கடுப்பு, காய்ச்சல். பிரயாணத்தில் பெண்களுக்கு வருகிற உபத்திரவங்களில் முக்கால்வாசி இதுதான் என்று தோன்றுகிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம், வேண்டுமோ வேண்டாமோ, பெட்ரோல் பங்க்கிலோ ஹோட்டலிலோ வண்டியை நிறுத்த வேண்டும் என்று ஆண்களிடம் முதலிலேயே கறாராகச் சொல்லிவிட்டோம். அத்தைக்காக நடுவில் ஓட்டையுள்ள பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றையும், சுற்றிக் கட்ட இரண்டு பழைய புடவைகளையும் எடுத்துப் போனோம். அதைப் பார்த்துச் சிரித்தவர்கள்கூடப் பிறகு ஒவ்வொருவராகக் கடன் கேட்டார்கள்! மாதவிலக்கு நாள் தள்ளிப் போயிருந்தாலும் அதற்கான துணியும் காகிதப் பையும் கையில் இருக்கட்டும். மலைப் பிரயாணத்தில் நாள் முன்னே பின்னே ஆவது சகஜம்.

சின்னாற்றில் ஒரு தாய் யானை

உடுமலையிலிருந்து மூணாறு போகும் சாலையில், ஒன்பதாறு சோதனைச் சாவடி தாண்டியதும் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் காடு. அதைக் கடந்தால் கேரளத்தின் சின்னாறு வனவிலங்குச் சரணாலயம். 1984-ல் சரணாலயமான சின்னாறு சுமார் 90 சதுர கிலோமீட்டர்தான். கேரளம் என்றதும் பச்சைப் பசேல் என்று நினைத்தால் ஏமாந்து போவோம். மலையின் மறைவில் இருப்பதால் மழை குறைவு. நம்மூர்க் கரட்டுக்காடு மாதிரி முள் மரங்கள். நட்சத்திர ஆமையும், சாம்பல் நிறப் பெரிய அணிலும் இங்கே உண்டு. வனத்துறையே வழிகாட்டியோடு நடைப் பயணம் அழைத்துப் போகிறது. அந்த வழிகாட்டிகள் இந்த மலைகளின் பழங்குடி மக்கள். மரவீடு, குடில் போன்றவற்றில் தங்கவும் ஏற்பாடு உண்டு, முன்பதிவு செய்ய வேண்டும்.

சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் பை, பாட்டில் பார்ப்பார்கள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 முதலும் கேரளத்தில் 2020 முதலும் தடை இருக்கிறதல்லவா? எவர்சில்வர் குடமும் தூக்குவாளியும் கொண்டு போனதால் எங்களுக்குச் சங்கடமில்லை. வாடகை வேன் என்றால் கேரளத்துக்குள் போகப் பெர்மிட்டும் வரியும் சரியாக இருக்கின்றனவா என்று உரிமையாளரிடம் முந்தின நாளே கேட்டுக்கொள்ளுங்கள். எத்தனை மணி வரை வண்டி விடுவார்கள் என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

சின்னாறு தாண்டிச் சிறிது தூரத்தில் வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன. முன்னால் ஒரு தாய் யானை, அதன் காலடியில் குட்டி. ஹாரன் அடிக்காமல், கீழே இறங்காமல் உட்கார்ந்திருந்தோம். முன் காரிலிருந்து ஓர் இளைஞர் போனை நீட்டிக்கொண்டு இறங்க, வனக் காவலர், “வண்டியில ஏறுங்க! குட்டி இருக்கிற யானை, கண்ணு மூடித் திறக்கறதுக்குள்ள வந்துரும்” என்று அதட்டினார். தாய் யானை பெரிய மரம் ஒன்றை உலுக்கி, குட்டிக்குத் தழை ஒடித்துப் போட்டு, சாவகாசமாகக் காட்டுக்குள் இறங்க ஐம்பது நிமிஷம் ஆயிற்று. சாயங்காலமாக இருந்திருந்தால் அந்த ஐம்பது நிமிஷம் எங்களை இருட்டில் கொண்டுபோய் விட்டிருக்கும். காலை நேரமானதால் பிள்ளைகளுக்கு அது நல்ல வேடிக்கையாயிற்று.

யானையைக் கண்டால் தூரத்திலேயே வண்டியை நிறுத்துங்கள். பின்னால் வருகிற வண்டிகளும் நெருக்கியடிக்காமல் நின்றால், வேண்டும்போது பின்வாங்க இடமிருக்கும். வெளிச்சம் அடிப்பதும் கத்துவதும் கூடவே கூடாது.

மறையூர் சந்தனத்துக்கும் சர்க்கரைக்கும் பேர் போனது. சந்தனக் காட்டுக்கு வேலி உண்டு. ஒரு குச்சியைக்கூட ஒடிக்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், சட்டப்படி குற்றம். பாறைகளின் மேல் பெருங்கற்காலத்து முனியறைகளைப் பார்த்தோம். பிறகு ஆலையில் கருப்பஞ்சாறு கொதித்து உருண்டைச் சர்க்கரை ஆவதைப் பார்த்தோம். மறையூர்ச் சர்க்கரைக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. கொப்பரைப் பக்கம் குழந்தைகளின் கையை விடாதீர்கள். கொதிக்கிற பாகு தோலில் ஒட்டிக்கொண்டு விடாது.

எங்கே படுப்பது?

மாலை 3:30-க்குக் காந்தளூர். பூண்டும் காய்கறியும் விளைகிற மலைச்சரிவு. ஒரு தோட்டத்தில் டென்ட் போட இடம் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, போனில் பேசித்தான் ஏற்பாடு செய்திருந்தோம். நாங்கள் கேட்ட கேள்விகள் இவை: பஞ்சாயத்து அனுமதி இருக்கிறதா? காடு எவ்வளவு தூரம்? வேலி உண்டா? ராத்திரி யார் இருப்பார்கள்? கழிப்பறைக்கு வெளிச்சமான வழி உண்டா? நடுராத்திரி உடம்புக்கு முடியாமல் போனால் வேன் வெளியே போக முடியுமா?

ஏன் இத்தனை விசாரணை என்று நினைக்கலாம். 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடியில், காட்டோரத் தங்குமிடம் ஒன்றில் கூடாரத்தில் தங்கிய ஓர் ஆசிரியை காட்டு யானை தாக்கி இறந்து போனார். அதிகாரிகள் பிறகு அந்த இடத்தை மூட உத்தரவிட்டார்கள். அனுமதியைப் பற்றிக் கேட்பது யார் மனமும் கோண வேண்டிய விஷயமில்லை.

இடம் பார்க்கும்போது ஓடைப்பக்கம் வேண்டாம். ஓடை மணல் மெத்தை மாதிரி இருக்கும், பிள்ளைகளும் அங்கேதான் ஓடுவார்கள். ஆனால் நம் தலைக்கு மேல் வெயில் அடிக்கும்போதே மேல்மலையில் பெய்த மழை வெள்ளமாக வந்துவிடும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளத்தில் 17 வயதுப் பையன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தது நினைவிருக்கும். நம் திருமூர்த்தி மலைப் பஞ்சலிங்க அருவியிலும் வெள்ளம் வந்தால் குளிக்கத் தடை போடுவார்கள். அந்தத் தடையை யாரும் கோபமாகப் பார்க்க வேண்டாம். தெளிந்த தண்ணீர் கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ துணிமணியை விட்டுவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேடேற வேண்டும்.

காலமும் முக்கியம். 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறு பக்கம் பெட்டிமுடியில் மலை சரிந்து, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களில் 70 பேரைப் பறிகொடுத்தோம். கனமழை எச்சரிக்கை இருந்தால், முன்பணம் போனாலும் போகட்டும் என்று பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். பிப்ரவரி முதல் மே வரை காய்ந்த புல்லும் காட்டுத்தீயும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் தீயில் சிக்கி 20 பேருக்கு மேல் இறந்தார்களே, அவர்கள் சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்தும் மலையேறப் போன குழுக்களைச் சேர்ந்தவர்கள். குடும்பத்தோடு கூடாரம் போட எங்கள் பக்கத்துக்கு ஜனவரிதான் தோதான மாதம்.

டென்டுக்கு அடியில் தார்ப்பாய், உள்ளே கோரைப்பாய், அதன்மேல் பவானி ஜமக்காளம். போர்வையை விடக் கீழே விரிப்பதுதான் முக்கியம். உடம்புச் சூட்டைத் தரை உறிஞ்சிவிடும். உடுமலைச் சமவெளியை விட 1500 மீட்டர் உயரமுள்ள காந்தளூர் ஏழெட்டு டிகிரி குளிர்ச்சி. படுக்குமுன் ஜிப்பை முழுவதும் மூடினோம், காற்று வருகிற மேல் சன்னலை மட்டும் திறந்து வைத்தோம். செருப்பை டென்டுக்குள் வைத்துக்கொண்டு, காலையில் உதறிப் போட்டோம். சாப்பாட்டுச் சாமான்கள் எல்லாம் வேனுக்குள்.

கண்ணுக்குத் தெரியாத புகை

குளிருக்குக் கணப்பு போட்டால் சுகமாகத்தான் இருக்கும். வெளியே, இடத்துக்காரர் காட்டிய இடத்தில் போடுங்கள். படுக்குமுன் தண்ணீர் ஊற்றி அணையுங்கள். டென்டுக்குள்ளும் வேனுக்குள்ளும் கரி அடுப்போ, தணலோ, கேஸ் அடுப்போ வைக்கவே கூடாது. புகை இல்லாத செந்தணலிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு வாசனை இல்லை, நிறம் இல்லை. தலைவலி, தூக்கக் கலக்கம், அப்புறம் எழுந்திருக்கவே முடியாது. 2024 டிசம்பரில் கேரளத்து வடகரையில், நிறுத்தி வைத்த கேரவனுக்குள் தூங்கிய இரண்டு பேர் இறந்தது ஜெனரேட்டரிலிருந்து வந்த இந்த வாயுவால்தான். ஏ.சி.க்காக எஞ்சினை ஓட விட்டுக்கொண்டு வேனுக்குள் தூங்குவதும் இதே ஆபத்துதான்.

குளிர்ந்தால் வெந்நீரைப் பாட்டிலில் ஊற்றி, பனியன் துணி சுற்றிக் கால்மாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அத்தையின் கால்வலிக்கும் அது இதமாக இருந்தது.

அடுப்பும் வயிறும்

முதல் நாளுக்குப் புளியோதரை, தக்காளித் தொக்கு, சப்பாத்தி. தேங்காய்ச் சட்னி கிடையாது, சீக்கிரம் ஊசிப்போகும். சோற்றைச் சூட்டோடு அடைத்து மூடினால் கெட்டுவிடும். தாம்பாளத்தில் பரப்பி ஆறவிட்டு, நல்லெண்ணெயும் புளிக்காய்ச்சலும் கலந்த பிறகே கட்ட வேண்டும். வெள்ளைச் சோறு மீந்தால் அடுத்த வேளைக்கு வைக்காதீர்கள்.

மலையில் தண்ணீர் சீக்கிரமே கொதிக்கும். காந்தளூர் உயரத்தில் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிப்பதைப் பார்த்து வெந்துவிட்டது என்று நினைத்தால் அரிசி நறுக்கென்று இருக்கும். குக்கர் எடுத்துப் போவது உத்தமம். குடிக்கிற தண்ணீர் தளதளவென்று ஒரு நிமிஷமாவது கொதிக்கட்டும். சிறிய சிலிண்டரின் ரப்பர் குழாயைச் சோப்புத் தண்ணீர் தடவிச் சோதித்தோம். வேன் ஓடும்போது சிலிண்டர் நிமிர்ந்தபடி, ரெகுலேட்டர் கழற்றி.

ராத்திரிச் சமையல் இரண்டு நாளும் ஆண்கள் பொறுப்பு. இதையும் ஊரிலேயே பேசி முடித்துவிட்டோம். இல்லாவிட்டால் நமக்கு இது அடுப்பங்கரையை மலைக்கு மாற்றிய கதையாகிவிடும். கொழுந்தனார் கிண்டிய உப்புமா கட்டி கட்டியாக இருந்தது. “நல்லாத்தான் இருக்குது, கடிச்சுத் திங்கலாம்” என்று அத்தை சர்டிபிகேட் கொடுத்தார்!

டிரைவர் தம்பி, “நான் வேன்லயே படுத்துக்கறேனுங்க” என்றார். என் கணவர் விடவில்லை. “இல்ல தம்பி, நாளைக்கு எங்க பதினோரு உசுரும் உங்க கண்ணுலதான இருக்குது” என்று தனி டென்ட் கொடுத்து, முதல் பந்தியில் சாப்பிட வைத்து அனுப்பினார். டிரைவருக்குக் காலை நீட்டிப் படுக்க இடமும் ஏழு மணி நேரத் தூக்கமும் ஏற்பாடு செய்யாத பிரயாணத்துக்கு யாரும் கிளம்ப வேண்டாம்.

மறுநாள் மூணாறு போகலாம் என்று பிள்ளைகள் கேட்டார்கள். பொங்கல் கூட்டத்தில் மலை ரோட்டில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருக்கும், 4 மணிக் கணக்கு உதைக்கும் என்பதால் விட்டுவிட்டோம். தோட்டத்திலேயே நடை, பந்து விளையாட்டு, அத்தையின் பல்லாங்குழி. ஊர் சுற்றாத அந்த ஒரு நாள்தான் மூன்று நாளில் எல்லோருக்கும் பிடித்த நாள்.

திரும்பும்போது அமராவதி அணை. இங்கே சதுப்புநில முதலைகளை வளர்க்கிறார்கள். அணை நீரிலும் முதலைகள் உண்டு. எனவே கரையில் கால் நனைப்பது, பாத்திரம் கழுவுவது, துணி அலசுவது எதுவும் வேண்டாம். பூங்காவில் உட்கார்ந்து கட்டிக்கொண்டு வந்ததைச் சாப்பிட்டுவிட்டு, விளக்கு வைக்கும் நேரத்துக்குள் திருப்பூர் வந்து சேர்ந்தோம்.

வீடு திரும்பிய பிறகு

புல்லிலும் புதரிலும் உட்கார்ந்து வந்தவர்களுக்கு ஒரு விசேஷ எச்சரிக்கை. கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சி கடிப்பதால் ஸ்க்ரப் டைபஸ் என்ற காய்ச்சல் வருகிறது. தமிழ்நாட்டிலும் பரவலாக இருக்கிறது. கடித்து ஒன்று இரண்டு வாரம் கழித்துக் காய்ச்சல், தலைவலி தொடங்கும். அக்குள், இடுப்பு, தொடை இடுக்கில் சிகரெட் சுட்டது போல் கறுத்த பொருக்கு ஒன்று தெரியலாம். “காட்டுப்பக்கம் போயிட்டு வந்தோம்” என்று டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் மாத்திரையிலேயே குணமாகும், தாமதித்தால் உயிருக்கே ஆபத்து. திரும்பியதும் எல்லோரும் சோப்புப் போட்டுக் குளித்து, போட்டிருந்த துணிகளை வெந்நீரில் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள்.

மருந்துப் பெட்டியும் மனப்பாடமும்

* உப்பு-சர்க்கரைக் கரைசல் பாக்கெட். அதில் எழுதிய அளவு தண்ணீரில் முழுவதையும் கரைக்க வேண்டும். பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீருக்குச் சர்க்கரை 6 டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன். இரண்டும் தலை தட்டி. பேதியாகும் குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். கண் குழிந்து, சிறுநீர் குறைந்து, சோர்ந்து தூங்கினால் உடனே ஆஸ்பத்திரி.
* பாராசிட்டமால், பிள்ளைகளின் எடைக்கேற்ற அளவைத் தாளில் எழுதி. பெரியவர்களின் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் இரண்டு நாள் கூடுதலாக, இரண்டு பைகளில் பிரித்து.
* பாம்பு கடித்தால் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, விஷமுறிவு மருந்துள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டு போக வேண்டும்.
* ஆம்புலன்சுக்கு 108, இரு மாநிலத்திலும் இதே எண். எந்த அவசரத்துக்கும் 112. காட்டு வழியில் சிக்னல் கிடைக்காத இடங்கள் உண்டு. ஆகவே எப்போது எங்கே இருப்போம் என்று தாளில் எழுதி, ஊரில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.
* டார்ச் லைட், ஆளுக்கு ஒன்று. போன் வெளிச்சத்தை நம்ப வேண்டாம்.

இத்தனை ஜாக்கிரதையா என்று மலைக்க வேண்டாம். எல்லாம் வீட்டில் தினமும் நாம் செய்கிற வேலைகள்தான். கொஞ்சம் முன்கூட்டியே செய்கிறோம், அவ்வளவே. அடுத்த தைக்கு எங்கே என்று பிள்ளைகள் இப்போதே கேட்கிறார்கள். அத்தையோ அந்த ஓட்டை நாற்காலியைக் கழுவித் துடைத்து, பத்திரமாகப் பரண்மேல் ஏற்றச் சொல்லிவிட்டார்.